பதினையாயிரம் கோடும் ஒரு பொட்டும்

“வெளிச்சத்தோட வெளிச்சம் சேர்ந்தா இருட்டு எப்படி மேடம் வரும்?”

ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்றபடியே குற்றாலிங்கம் கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருந்தார். தோளில் பை, நெற்றியில் வேர்வை, காலில் செருப்பு.

உள்ளே இருந்த இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“செருப்பைக் கழத்திட்டு வாங்க அண்ணாச்சி. ஆயுத பூஜை நடக்குது.”

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்து நாலு. மரத்தடி, புலித்தோல், தாடி எதுவும் கிடையாது. குருவுக்கு ஏன் தாடி இல்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குற்றாலிங்கம் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர். இசக்கியம்மாள் கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவர். போன வருஷம் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் அந்த அம்மாள் அரை மணி நேரம் பேசினார். அன்றிலிருந்து குற்றாலிங்கம் அவரை மனசுக்குள் குருவாக வைத்துக்கொண்டார். அதற்கு அந்த அம்மாள் சம்மதித்தாரா என்றால், அவரை யாரும் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மறுபடியும் அதே கேள்வி.

“வெளிச்சத்தோட வெளிச்சம்...”

“இது உங்க கேள்வி இல்லையே. யார் கேட்டா?”

குற்றாலிங்கம் பையை இறக்கி வைத்தார்.

“முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. ரெண்டு பிளவு வழியா வர்ற ஒளி சேர்ந்தா நடுநடுவே இருட்டுப் பட்டை வரும்னு போர்டுல படம் போட்டேன். ‘ஒரு விளக்குக்கு ரெண்டு விளக்கு ஏத்துனா வெளிச்சம் கூடத்தான சார் செய்யும், நீங்க பாத்திருக்கீங்களா’ன்னு கேட்டுட்டா.”

“பாத்திருக்கீங்களா?”

“இல்லை.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னுதான் சொன்னேன். வகுப்பே கப்புசிப்புன்னு ஆயிட்டு. சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்லை.”

இசக்கியம்மாள் வாழைக்கன்றை மேஜைக் காலில் கட்டிக்கொண்டிருந்தார்.

“ரோஷத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன் மேடம். ‘விஜயதசமி அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. அன்னைக்கு உங்க எல்லார் கண்ணுக்கும் காட்டுதேன். காட்டலைன்னா இனி சாக்பீஸைத் தொட மாட்டேன்’னு சொல்லிட்டேன்.”

“விஜயதசமி நாளைக்கு.”

“அதான் வந்திருக்கேன்.”

சும்மா மிரட்டலுக்குச் சொன்ன ஆள் இல்லை. பள்ளி அலுவலகத்தில் உதவித் தலைமையாசிரியர் நாற்காலி காலியாகக் கிடந்தது. வகுப்பே எடுக்காமல் கையெழுத்துப் போட்டே காலத்தை ஓட்டிவிடலாம். நிர்வாகம் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் போகவில்லை. அவருக்கு வகுப்புதான் உயிர். ஆனால் சொன்ன சொல்லும் ஒன்று இருக்கிறதல்லவா.

“உங்க ஸ்கூல்ல கிரேட்டிங் இல்லையா?” என்று கேட்டார் இசக்கியம்மாள்.

கிரேட்டிங் என்றால் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி. ஒரு அங்குலத்தில் பதினையாயிரம் கோடு கீறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடு. அதன் வழியே போகிற வெளிச்சம் நடுவே இருட்டு விட்டு நிறம் நிறமாகப் பிரியும்.

“இருந்துச்சு. பிள்ளைங்க கைவச்சுக் கைவச்சு அதை ஜன்னல் கண்ணாடி ஆக்கிட்டாங்க. உங்ககிட்ட இருக்கிறதை ஒரு நாள் தந்தீங்கன்னா சுவத்துல விழவச்சு எல்லாருக்கும் காட்டிருவேன். அதுக்கு முந்தி நானும் ஒரு தடவை புரிஞ்சுக்கணும். புஸ்தகம் கொண்டாந்திருக்கேன்.”

பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்தார்.

இசக்கியம்மாள் அதை வாங்கினார். பூஜை மேஜையில் இருந்த புத்தக அடுக்கின் மேல் வைத்தார். ஒரு பூவையும் வைத்தார்.

“மேடம்?”

“சரஸ்வதி பூஜை. இன்னைக்குப் படிக்கக் கூடாது.”

“அப்ப அந்த கிரேட்டிங்?”

“அதுவும் பூஜையில இருக்கு. நாளைக்குக் காலைலதான் எடுக்கலாம். வந்ததுக்கு ஒரு வேலை செய்ங்க. வயசுல பெரியவங்க நீங்க. எல்லாத்துக்கும் உங்க கையால பொட்டு வைங்க.”

சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

குற்றாலிங்கம் பொட்டு வைக்க ஆரம்பித்தார். கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். வெர்னியருக்கு ஒரு பொட்டு. நுண்ணோக்கிக்கு ஒரு பொட்டு. நிறம் பிரித்துப் பார்க்கிற ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பெரிய பொட்டு. அதன் நடுமேடையில் சட்டத்தில் நின்றது ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி. அதற்கும் நட்ட நடுவில், அளவெடுத்ததுபோல, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அவர் மனசு முப்பிடாதியின் கேள்வியில் இருந்தது.

இசக்கியம்மாள் குனிந்து விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

பூஜை முடிந்தது. சுண்டலும் பொரியும் சாப்பிட்டார்கள். மேற்கு ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மிச்சம் இருந்தது.

“புஸ்தகம் தொடக் கூடாது. கருவி தொடக் கூடாது. நான் சும்மா இருந்துட்டுப் போகவா வந்தேன்?” என்றார் குற்றாலிங்கம். குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

“கையை என்ன பூஜையிலயா வச்சிருக்கீங்க?”

“இல்லை.”

“ரெண்டு விரலைச் சேருங்க. நூல் நுழையிற மாதிரி நடுவுல இடைவெளி விடுங்க. கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு ஜன்னலைப் பாருங்க.”

குற்றாலிங்கம் பார்த்தார்.

“என்ன இருக்கு?”

“வெளிச்சம். நடுவுல முடி ஏதோ ஒட்டியிருக்கு.”

விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இன்னும் இருக்கு. ஒரு முடி இல்லை, நாலஞ்சு. கறுப்புக் கறுப்பா.”

“விரலை நெருக்குங்க.”

“நெருக்குதேன்.”

“முடி?”

“நெருக்க நெருக்க முடி அகலமாகுது. ஒண்ணுக்கொண்ணு விலகுது மேடம்.”

“நெருக்குனா நெருங்கத்தான செய்யும்?”

“அதான் நானும் பாக்கேன். இது தலைகீழா இருக்கு.”

விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். முடி இல்லை. விரலைச் சேர்த்தார். முடி வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஜன்னல் பக்கம் போனார், பின்னால் வந்தார், வலது கையை விட்டுவிட்டு இடது கையால் பார்த்தார்.

“இது விளிம்பு விளைவுல்லா! ஒத்தைப் பிளவுல ஒளி விளிம்பைச் சுத்தி வளையிறது! ஏ யம்மா, இதை இருபத்து நாலு வருஷமா நடத்துதேன்.”

“விரல் யாரோடது?”

“என்னோடதுதான்.”

“எத்தனை வருஷமா இருக்கு?”

குற்றாலிங்கம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் இதை வைத்துக்கொண்டா சோறு சாப்பிட்டோம் என்று இருந்தது அவருக்கு.

“ஆனா இது ஒரு பிளவு,” என்றார். “அவ கேட்டது ரெண்டு பிளவு.”

இசக்கியம்மாள் தன் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு சவர பிளேடுகளையும் ஒரு துண்டுக் கண்ணாடியையும் எடுத்தார்.

“பிளேடு ஆயுதம் இல்லையா மேடம்?”

“ஆயுதம்தான். பூஜையில வைக்க மறந்துட்டேன். மறந்தது நமக்கு.”

கண்ணாடியைப் பூஜை விளக்கின் சுடருக்கு மேலே காட்டினார். கரி பிடித்தது.

“சாமி விளக்குல கரி பிடிக்கலாமா?” என்றார் குற்றாலிங்கம். அவருக்கு அந்த விஷயத்தில் பயம் உண்டு.

“உங்க வீட்டுல கண்மை எப்படிப் பிடிச்சாங்க?”

குற்றாலிங்கம் விளக்கை ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டார்.

இசக்கியம்மாள் இரண்டு பிளேடையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். ஆனால் ஒன்றைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். கரிபிடித்த கண்ணாடியில் ஒரே இழுப்பு. மேல் பாதியில் ஒரு கீறல் விழுந்தது. கீழ்ப் பாதியில் ஒட்டி ஒட்டி இரண்டு கீறல். விளக்கைக் கூடத்தின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார். ஜன்னலைச் சாத்தினார்.

“கண்ணுல ஒட்டி வச்சு, முதல்ல மேல் பாதி வழியாப் பாருங்க.”

“சுடர் ரெண்டு பக்கமும் இழுத்து விட்டாப்ல இருக்கு. நடுவுல விடாம மெழுகுனாப்ல.”

“இருட்டு இருக்கா?”

“இல்லை. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் வெளிச்சம்தான்.”

“கண்ணாடியை மெதுவா மேலே தூக்குங்க. கீழ்ப் பாதி கண்ணுக்கு நேரே வரட்டும்.”

குற்றாலிங்கம் தூக்கினார்.

“அண்ணாச்சி?”

கண்ணாடி இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது. குழந்தை கையில் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி அவர் நிறுத்தவே இல்லை.

“ஒரு கீறல்ல வெளிச்சமா இருந்த இடம்,” என்று ஆரம்பித்தார். செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “ஒரு கீறல்ல வெளிச்சமா இருந்த அதே இடம், ரெண்டாவது கீறலும் வந்ததும் கறுத்துப் போகுது மேடம். துண்டு துண்டா வெட்டிப் போட்டாப்ல. இன்னொரு கதவைத் திறந்தா வீடு இருட்டுதே.”

“ம்.”

“இருக்கு மேடம். இருட்டு நெசமாவே இருக்கு.”

அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். புத்தகத்தில் இருக்கிறது, அதனால் உண்மை என்று இருபத்து நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது கண்ணில் இருக்கிறது. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

“சரி, அந்த இருட்டுல இருந்த வெளிச்சம் எங்க போச்சு?” என்று கேட்டார் இசக்கியம்மாள்.

“ஒண்ணையொண்ணு அழிச்சுட்டுது.”

“யார் சொன்னா?”

“புஸ்தகம்.”

“புஸ்தகம் பூஜையில இருக்கு. கல்யாணப் பந்தியில உங்க இலைக்கு வர வேண்டிய பாயசம் வரலை. முதல்ல எங்க பாப்பீங்க?”

“பக்கத்து இலையை.”

“பாருங்க.”

குற்றாலிங்கம் பக்கத்துப் பட்டையைப் பார்த்தார். ஒற்றைக் கீறலுக்குப் போய் வந்தார். மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் உதடு மட்டும் அசைந்தது.

“ஒரு கீறலுக்கு ஒரு பங்குன்னா, ரெண்டு கீறலுக்கு ரெண்டு பங்குதான் வரணும். இங்கன அதுக்கு மேல பளிச்சுன்னு இருக்கே. அலை ரெண்டும் சேர்ந்தா உயரம் ரெட்டிப்பு. உயரம் ரெட்டிச்சா பிரகாசம் நாலு மடங்கு. நாலு, பூஜ்யம், நாலு, பூஜ்யம்.” விரலை மடக்கினார். “சராசரி ரெண்டு. ரெண்டுதான மேடம் வரணும்! ஒண்ணும் அழியலை. இடம் மாறி உக்காந்திருக்கு.”

“சுண்டல் இன்னும் இருக்கு. சாப்பிடுதீங்களா?”

சாப்பிட்டார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். வாயில் சுண்டலோடு பேசினார்.

“ரெண்டு கீறலுக்கே இந்தக் கூத்துன்னா, பதினையாயிரம் கீறல் சேர்ந்தா?”

“பட்டை ஊசியாகும். சிவப்பு ஒரு இடம், பச்சை ஒரு இடம்னு தனித்தனியாப் போய் நிக்கும். நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போங்க. காலேஜ்ல இருக்கிறது அது ஒண்ணுதான்.”

கூடத்தின் அந்தக் கோடியில், இருட்டில், கருவிகள் பொட்டோடு நின்றன. குற்றாலிங்கம் அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டார்.

காலையில் கல்லூரி விருந்தினர் அறையிலிருந்து முதல் ஆளாக வந்துவிட்டார். குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டை. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புக்கு நேரத்தில் போய்விடலாம்.

இசக்கியம்மாள் கற்பூரம் காட்டினார். ஒவ்வொரு கருவியையும் தொட்டுக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இனி எடுக்கலாம் என்று அர்த்தம். கடைசியில் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கினார்.

நட்ட நடுவில் பொட்டு.

சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. குங்குமம் கொஞ்சம் வழிந்து இறங்கியிருந்தது.

குற்றாலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நான்தான் வச்சேன்.”

இசக்கியம்மாள் சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“பிள்ளைங்க தொட்டா திட்டுவேன். ஓரத்தைத்தான் பிடிக்கணும், நடுவுல விரல் படக் கூடாதுன்னு வருஷா வருஷம் கத்துதேன். நானே கொண்டு போய்ச் சந்தனத்தை அப்பியிருக்கேன்.”

தோள்துண்டின் நுனியை எச்சில் பண்ணிக்கொண்டு கண்ணாடியை நோக்கிக் கை நீட்டினார். இசக்கியம்மாள் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி.

“துடைச்சா பொட்டு போகும். கோடும் சேர்ந்து போகும்.”

“அப்ப என்ன செய்ய? நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை. நிறத்துலயும் நடுவுல ஓட்டை விழுமே. பச்சையே வராமப் போகும். ‘சார், இங்க ஒண்ணும் காணோமே’ன்னு முப்பிடாதி கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?” நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த ஆபீஸ் நாற்காலிதான் எனக்கு எழுதியிருக்கு போல. பக்தின்னு நினைச்சேன். புத்தி கெட்டுப் போச்சு.”

இசக்கியம்மாள் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஈரச் சந்தனம் மிச்சம் இருந்தது. விரலால் வழித்தார்.

கண்ணாடியில், முதல் பொட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு பொட்டு வைத்தார்.

குற்றாலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான இருக்கு மேடம்,” என்றார்.

“ஆமா.”

சட்டத்தை ஸ்பெக்ட்ரோமீட்டர் மேடையில் நிறுத்தினார். பாதரச விளக்கைப் போட்டார். அது சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. குற்றாலிங்கம் ஜன்னலைப் பார்த்தார், உட்கார்ந்தே இருந்தார்.

“வாங்க,” என்றார் இசக்கியம்மாள். தொலைநோக்கிக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார். “எங்கெங்க ஓட்டைன்னு பாத்துச் சொல்லுங்க.”

மனசில்லாமல்தான் எழுந்தார். கண்ணை வைத்தார்.

“ஊதா இருக்கு.”

“ம்.”

“பச்சை இருக்கு. மஞ்சள் ரெண்டு கோடும் இருக்கு.”

“ஓட்டை?”

குற்றாலிங்கம் குழாயை நகர்த்தினார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணை எடுத்து, மேடையில் நின்ற கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு பொட்டும் அங்கேயே இருந்தன. மறுபடி குழாய்க்குள் பார்த்தார்.

“பொட்டு எங்க மேடம்?”

“ஒண்ணு நீங்க வச்சது. தேடுங்க.”

“பச்சையில இருக்கும்னு பாத்தேன். முழுசா இருக்கு. ஊதாவுலயும் இல்லை.” குரல் மாற ஆரம்பித்தது. “கொஞ்சம் மங்கலா வேணா இருக்கும். அவ்வளவுதான். ஒரு கோடாவது இடம் மாறியிருக்கான்னு பாத்தா, அதுவும் இல்லை.”

“தேர் வடத்துல நாலு பேர் கையை எடுத்துட்டாங்க. தேர் என்ன செய்யும்?”

“கொஞ்சம் மெதுவா வரும்.”

“வேற தெருவுக்குப் போயிருமா?”

குற்றாலிங்கம் நிமிர்ந்தார்.

“நடுவுல இருக்கிற கோடு எந்த நிறத்தைக் கொண்டு வருதுன்னு நினைச்சீங்க அண்ணாச்சி?”

“பச்சையைன்னு...”

“ஓரத்துல இருக்கிற கோடு?”

அவர் முகத்தில் அது வந்ததை இசக்கியம்மாள் பார்த்தார். முதலில் புருவம் இறங்கியது. பிறகு கண் அகலமாயிற்று. பிறகு அந்த ஐம்பத்தொரு வயது மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

“அப்படின்னா ஒவ்வொரு கோடும் எல்லா நிறத்தையும்...”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றார் இசக்கியம்மாள்.

கண்ணாடியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஒரு லென்ஸும், மெல்லிய பிளவு வெட்டிய கறுப்பு அட்டையும் கொடுத்தார். கரிபிடித்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாழையிலைத் துண்டில் பொரியும், மிச்சச் சந்தனமும் குங்குமமும் பிரசாதமாக மடித்துக் கொடுத்தார்.

“இது உடையாம வந்து சேரணும்.”

“என் உயிர் போனாலும்...”

“உயிர் வேண்டாம். கண்ணாடி வந்தாப் போதும்.”

குற்றாலிங்கம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். இடிபட்டுவிடுமோ என்று ஜன்னலோர சீட் கேட்டு வாங்கினார். வழியெல்லாம் இரண்டு விரலைச் சேர்த்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள். விடுமுறை நாளில் ஸ்பெஷல் கிளாஸுக்கு அப்படிக் கூட்டம் வந்து அந்தப் பள்ளி பார்த்ததில்லை. சார் சாக்பீஸை விடுவாரா, மாட்டாரா என்று பார்க்க வந்த கூட்டம்.

மேஜையில் சாக்பீஸ் பெட்டி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“ஜன்னலைச் சாத்துங்க. கடைசி பெஞ்சுக்குப் பின்னால ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க. யார் கேள்வி கேட்டாங்களோ அவங்க முதல்ல வாங்க.”

முப்பிடாதி வந்தாள். ஒல்லியான பிள்ளை. யாருக்கும் பயப்படாத கண்.

“மேல் பாதியில ஒரு கீறல். கீழ்ப் பாதியில ரெண்டு கீறல். முதல்ல மேலே பாரு. அப்புறம் கீழே பாரு.”

அவள் பார்த்தாள். கண்ணாடி ஏறியது, இறங்கியது. நேற்று தன் கையில் ஏறி இறங்கியது குற்றாலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

“சார்.”

“சொல்லு.”

“இருட்டு இருக்கு சார்.”

அவ்வளவுதான். எல்லாரும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு, எனக்கு என்று ஒரே தள்ளுமுள்ளு. பார்த்தவன் பார்க்காதவனிடம் கத்தினான். பார்க்காதவன் பார்த்தவனைப் பிடித்து இழுத்தான். வேறு நாளாக இருந்தால் குற்றாலிங்கம் மேஜையைத் தட்டியிருப்பார். அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்தார். அவருக்கே கத்த வேண்டும்போல இருந்தது.

எல்லாரும் பார்த்து முடித்ததும் பெட்டியைத் திறந்தார். ஜன்னலில் கறுப்பு அட்டையைப் பொருத்தினார். ஒரு பையனை வெளியே நிறுத்தி முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிளவுக்குள் அடிக்கச் சொன்னார். லென்ஸை வைத்தார். அதன் முன்னால் கிரேட்டிங்கை நிறுத்தினார்.

சுவரில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஊதாவிலிருந்து சிவப்புவரை நிறம் விரிந்தது. கரும்பலகையின் மேலும் கொஞ்சம் ஏறியது.

வகுப்பு அமைதியானது. போன தடவை வந்த அமைதி இல்லை இது.

முப்பிடாதி மட்டும் சுவரைப் பார்த்துவிட்டு மேஜைப் பக்கம் வந்தாள். குனிந்தாள்.

“சார், கண்ணாடியில சந்தனம் இருக்கு. ரெண்டு பொட்டு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “சார் கிரேட்டிங்குக்கே பூஜை போட்டுட்டாங்கலே.” வகுப்பே சிரித்தது.

“ஆமா,” என்றார் குற்றாலிங்கம். “ஒண்ணு நான் வச்சது. தெரியாம வச்சேன்.”

முப்பிடாதி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

“அப்ப சுவத்துல ரெண்டு ஓட்டை இருக்கணுமே சார். அந்த இடம் எங்க?”

குற்றாலிங்கத்தின் கை பழக்கத்தில் சாக்பீஸை எடுத்துவிட்டது. போர்டுப் பக்கம் திரும்பினார். படம் போட இடம் பார்த்தார்.

போர்டில் நிறம் விழுந்திருந்தது.

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சந்தனத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

“விரலை நீட்டு,” என்றார்.

நீட்டினாள். விரல்நுனியில் சந்தனத்தை வைத்தார்.

“நீயும் ஒரு பொட்டு வை.”

முப்பிடாதி கண்ணாடியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே விரலைக் கொண்டுபோனாள்.